கண்ணாடி மேல் இரண்டு கைகள்

"இனி அசைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாரிக்கனி மவுஸைத் தட்டினாள். ஸ்கேனர் ஒரு தடவை உறுமி, கொஞ்சம் யோசித்து, வெளிச்சக் கோட்டை மேலோரத்திலிருந்து நகர்த்தத் தொடங்கியது. மூடி திறந்தே இருந்தது. டியூப் லைட்டை அணைத்தாயிற்று, ஜன்னலில் போன வருடத்துக் காலண்டர் தாள்களை ஒட்டியாயிற்று. அறையில் இருந்த வெளிச்சமெல்லாம் கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்த அந்த ஒரு கோடும் கம்ப்யூட்டர் திரையும்தான். கண்ணாடி மேல் அவள் புருஷன் சீனிராஜின் வலது கை, பக்கத்தில் அவளுடைய இடது கை, இரண்டுக்கும் நடுவில் ஒரு அடி நீள ஸ்டீல் ஸ்கேல். நாலு நிமிடம் பத்து நொடி ஆகும் என்றது திரை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரஸ்ஸில் ஒரு மெஷினும் ஓடவில்லை, வாட்ச்மேன் சாப்பிடப் போய்விட்டார், சிவகாசியே கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்கும் நேரம். மேசை ஆடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அதற்காகத்தான் அவள் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். சீனிராஜிடம் அதைச் சொல்லவில்லை. சென்னையில் நடக்கப்போகிற கண்காட்சிக்குப் புருஷன் பெண்டாட்டி கை இரண்டும் சேர்ந்த மாதிரி ஒரு படம் கேட்கிறார்கள் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். ஸ்கேல் எதுக்கு என்று கேட்டான். அளவுக்கு என்றாள். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவனிடம் சொன்ன பொய்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அதில் இரண்டை இன்றைக்கு ஒரே மூச்சில் சொல்லியாயிற்று. கண்காட்சிக்காரர்கள் எந்த ஜோடிக் கையையும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது, ஆடுவது மேசையா, அவன் கையா என்று.

கையை அழுத்தக் கூடாது, பட்டும் படாமலும் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அழுத்தினால் சதை ரத்தம் போய் வெளுத்துத் தெரியும், பிணத்தின் கை மாதிரி. அப்படி நினைத்ததும் அந்த வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை, வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்த்தாள், மூக்கின் இடது பக்கம் அரித்தது. அரிக்கட்டும். எப்போதும் இப்படித்தான், கையைக் கட்டிப்போட்டால் மூக்குக்குக் கொண்டாட்டம். ஆறு வருடமாக இந்த மெஷினை அவள் கேமராவாக்கிக்கொண்டிருக்கிறாள், இன்னும் மூக்கு பழகவில்லை. கேமராவாக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை. ஒரு நாள் யாரோ ஒரு பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட அவருடைய பழைய போட்டோவை வைத்து ஸ்கேன் பண்ணினாள். மூடி சரியாக மூடவில்லை, கழற்றி வைத்த அவள் வளையல்கள் இரண்டு கண்ணாடியிலேயே கிடந்தன. திரையில் பார்த்தால் பெரியவரின் காதோரம் கன்னங்கரிய இருட்டில் இரண்டு பச்சை வளையல்கள் மிதந்தன. அவற்றில் ஒட்டியிருந்த தூசிகூட அழகாக இருந்தது. பெரியவரை வெட்டி போஸ்டருக்கு அனுப்பிவிட்டு, வளையல்களைத் தனியாகச் சேமித்து வைத்தாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளையில் கண்ணாடி மேல் ஏறாத பொருள் இல்லை. கத்தரிக்காய், வாழைப்பூ, உரித்த மாதுளை, சங்கரா மீன், சீப்பில் சிக்கிய அவள் தலைமுடி. முதலாளி ஒரு தடவை கண்ணாடியில் மீன் செதிலைப் பார்த்துவிட்டு இது பிரஸ்ஸா மீன்கடையா என்று கேட்டார். அடுத்த வருடம் அந்த மாதுளையையே ஒரு ஜவுளிக்கடைக் காலண்டரில் போட்டுவிட்டு, நம்ம ஆர்ட் செக்‌ஷனில் எடுத்தது என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாவி அப்போதுதான் அவள் கைக்கு வந்தது.

கோடு இன்னும் விரல்களைத் தொடவில்லை. ஸ்கேலின் முதல் அங்குலத்தில் இருந்தது. இந்த மெஷினிடம் அவளுக்குப் பிடித்ததே அதன் கிட்டப்பார்வைதான். கண்ணாடியைத் தொட்டதை மயிரிழை விடாமல் பார்க்கும், ஒரு விரற்கடை விலகினால் மங்கும், ஒரு சாண் விலகினால் இருட்டு. இன்னொன்றும் உண்டு. கேமரா ஒரு கண்ணிமைப்பில் எல்லாவற்றையும் பார்த்துவிடும்; இது ஒவ்வொரு கோடாகத்தான் பார்க்கும். முதல் கோட்டைப் பார்க்கும்போது மணி ஒன்றரை என்றால் கடைசிக் கோட்டைப் பார்க்கும்போது நாலு நிமிடம் கூடியிருக்கும். அதற்குள் பொருள் அசைந்தால் அந்த அசைவும் படத்தில் வரும். பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்றை வைத்தபோது மூன்று அலகோடு வந்தது. மல்லிகைச் சரத்தைக் கோட்டோடு கோட்டாக மெல்ல இழுத்தால் பூக்கள் நீண்டு நீண்டு வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடும். அசைவைப் படமாக்குகிற வித்தை அவளுக்கு அத்துப்படி என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். அதில்தான் ஏமாந்தாள். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனிராஜின் இதே வலது கையை இதே கண்ணாடியில் வைக்கச் சொன்னாள். அவன் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவன். இருபத்தாறு வருடமாக உள்ளங்கை ரேகைகளில் அலுமினியப் பொடி ஏறி உட்கார்ந்திருக்கிறது, எந்தச் சோப்புக்கும் போவதில்லை. சோறு பிசையும்போது தெரியாது, வெளிச்சம் கிட்டத்தில் பட்டால் வெள்ளி இழை இழைத்த மாதிரி மின்னும். அதைப் படமாக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. படம் வந்தது. வெள்ளி வந்தது. கூடவே விரல்களின் ஓரமெல்லாம் பொடிப் பொடியாக ஒரு அலையும் வந்தது. கையை ஆட்டுனீங்களா என்று கேட்டாள். நீ வைக்கச் சொன்ன மாதிரிதான் வச்சிருந்தேன் என்றான். அவளுக்கு அந்த அலை பிடித்திருந்தது, அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

"மூச்சு விடலாமா?" என்றான் சீனிராஜ், உதட்டை மட்டும் அசைத்து.

"விடுங்க. கைக்குப் போகாம விடுங்க."

அவன் சிரித்தானா என்று பார்க்கத் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் தோள் அசையும், தோள் அசைந்தால் கை. அவளுடைய கையும் இப்போது சாட்சிக் கூண்டில் நிற்கிறது. மேசை ஆடினால் ஸ்கேல் ஆட வேண்டும், அவள் கையும் ஆட வேண்டும், அவன் கையும் ஆட வேண்டும், மூன்றும் ஒன்றுபோல. அவள் வேண்டிக்கொண்டது அதுதான். ஒரு லாரி போகக் கூடாதா, பக்கத்துக் கட்டிங் மெஷினை யாராவது ஓட்டக் கூடாதா. வேண்டிக்கொண்டே, மெஷின் ஓடாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள், இது என்ன நியாயம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தத் தை மாதப் படத்தை போனில் போட்டாள், நாலு பேர் பார்த்தார்கள், நாற்பது பேர் பார்த்தார்கள், சென்னையிலிருந்து சுபத்ரா என்று ஒரு பெண் கூப்பிட்டது. கைகளைப் பற்றியே ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம், இந்தப் படம் வேண்டுமாம், நாலடி உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு வாசலுக்கு நேராக மாட்டுவார்களாம். அந்தப் பெண் மூச்சுக்கு ஒரு மேடம் போட்டது. போட்டோவுக்கு டச்சிங் பண்ற அக்கா என்றே இத்தனை வருடம் கூப்பிடப்பட்ட மாரிக்கனிக்கு அது உள்ளே போய் இனித்தது. விரல் ஓரத்தில் அந்த அலையை எப்படி மேடம் கொண்டுவந்தீங்க என்று சுபத்ரா கேட்டபோது, அது அப்படித்தாங்க வந்துச்சு என்று அடக்கமாகச் சொன்னாள். அடக்கம்தான், ஆனாலும் உள்ளே ஒரு கர்வம் இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கர்வம் வாயில் கசந்தது.

நாலடிக்குப் பெரிதாக்க வேண்டுமே என்று மூன்று வாரத்துக்கு முன் படத்தைத் திறந்து உருப்பெருக்கிப் பார்த்தாள். அலையின் ஒவ்வொரு மேட்டிலும் சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் பிரிந்து நின்றது. அதைப் பார்த்ததும் அவள் என்ன நினைப்பாள்? சிவகாசிக்காரி, பிரஸ்காரி. ரெஜிஸ்டர் விலகியிருக்கிறது என்றுதான் நினைத்தாள். ஒரு தாளில் நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் அச்சாகி, அம்மனுக்கு மூக்கு ஒரு பக்கம் மூக்குத்தி ஒரு பக்கம் என்று வருமே, அந்தச் சனியன். பார்த்தால் பிளேட்டை நகர்த்து என்று கை தானாகப் போகும். இந்த ஸ்கேனரும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை, மயிரிழைத் தாமதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறது. பழைய மெஷின், ஏதோ தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டு உட்கார்ந்து சரிபண்ண ஆரம்பித்தாள். சிவப்பை ஒரு புள்ளி இடது பக்கம் தள்ளினாள், சேர்ந்தது. அதற்குக் கீழே பார்த்தால் அங்கே சிவப்பை வலது பக்கம் தள்ள வேண்டியிருந்தது. அதற்குக் கீழே மறுபடி இடது. அதற்குக் கீழே வலது. இரண்டு மணி நேரம் இடதும் வலதுமாகத் தள்ளித் தள்ளி ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் நேராக்கிவிட்டாள், நல்ல வேலைக்காரி அல்லவா. மோதிர விரலுக்கு வரும்போதுதான் உறைத்தது. மெஷின் தப்புப் பண்ணினால் ஒரே மாதிரி தப்புப் பண்ணும். மேலிருந்து கீழ்வரை இடது என்றால் இடது. இப்படி இடம் வலம் இடம் வலம் என்று போய்ப் போய் வருவது மெஷின் புத்தி கிடையாது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு பார்க்கக் கூடாததெல்லாம் கண்ணில் பட்டது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கிறான். சூடா இருக்கு என்கிறான், ஆறிப்போன டீயைப் பிடித்துக்கொண்டு. சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆகிறது. நடக்கும்போது வலது கை வீசுவதில்லை, அதில் எப்போதும் ஒரு துணிப்பை, பைக்குள் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பை. மளிகைச் சீட்டு எழுதச் சொன்னால் முதல் வரி எழுத்து எழுத்தாக இருக்கிறது, நாலாவது வரிக்குள் பொடிந்து பொடிந்து எறும்பாகிவிடுகிறது. கண்ணுக்கு ஆகலையா, கண்ணாடி மாத்துங்க என்று அவள் கேலி பண்ணியிருக்கிறாள். தீபாவளிக்கு முன்னால்கூடப் பண்ணினாள். சோர்வாக இருக்கலாம். சுகர் இருந்தாலும் கை நடுங்குமாம். டீயைக் குறைக்கலாம். நடுக்குவாதம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அது யாராவது வயசானவர்களுக்கு வருவது, சீனிராஜுக்கு நாற்பத்தெட்டு முடியவில்லை. போனில் அந்த வார்த்தையைப் போட்டுத் தேடலாம் என்று மூன்று வாரமாகத் தினமும் எடுக்கிறாள், மூன்று வாரமாகத் தினமும் வேறு எதையோ பார்த்துவிட்டு வைக்கிறாள். கையைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம், வாயைத் திறந்து கேட்கிற பெண்டாட்டியாக இருந்தால். அவளுக்கு எதையும் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். இது ஒரு புத்தி, இதைத் திருத்த இனிமேல் முடியாது.

வெளிச்சம் அவன் நடு விரல் நுனியைத் தொட்டது. அவன்தான் முதலில், அவன் விரல்கள் நீளம். பிறகு அவளுடைய நடு விரல். கண்ணாடிக்கு அடியிலிருந்து சூடில்லாத ஒரு வெளிச்சம் விரல் சதைக்குள் புகுந்து நகத்தோரம் சிவப்பாகக் கசிந்தது. அவனுடைய கையைப் பார்க்கக் கூடாது என்று கூரையைப் பார்த்தாள். கூரையில் ஒரு நிழல் இருந்தது, இரண்டு கைகளின் விரல்களும் சேர்ந்து பெரிதாக. நிழல் அசைகிறதா என்று பார்க்க வந்த கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது ஆலையில் அவனோடு ஒரே அறையில் வேலை பார்க்கிறவர்களை நினைத்தாள். நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஜோதிமணி, கிருஷ்ணவேணி, செவந்தியப்பன், இவனோடு நாலு பேர். வெறுங்காலோடு ரப்பர் பாயில் உட்கார்ந்து, காகிதக் குழாய்க்குள் கலர் மருந்தை அள்ளிப் போட்டு, மரக்குச்சியால் தட்டித் தட்டி இறுக்குகிற வேலை. உரசலும் கூடாது, பலத்த தட்டும் கூடாது, குச்சி வழுக்கவும் கூடாது. ஒரே அளவில், ஒரே பலத்தில் தட்ட வேண்டும். ஆலை மேனேஜர் செல்லத்துரை அண்ணாச்சி புதிதாக வருகிறவர்களை இவன் எதிரில் ஒரு வாரம் சும்மா உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வாராம், சீனி கைல மருந்து தூங்கும்லே என்று சொல்வாராம். அந்த ஒரு வார்த்தையில்தான் இவன் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்கிறான். அதை யார் போய் எடுப்பது. எடுத்துவிட்டு வீட்டில் என்ன செய்வான், டிவி பார்ப்பானா, இவள் பிரஸ்ஸிலிருந்து வருகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பானா. எடுக்காமல் விட்டால். விட்டால் என்ன என்று முழுதாக நினைக்க மனசு வரவில்லை, பாதியில் திரும்பி வந்து மூக்கு அரிப்பில் நின்றது.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது பெரிய சத்தம் கேட்டால் பிரஸ்ஸில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், யாரும் யாரிடமும் பேசாமல் மாடிக்குப் போவார்கள், புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள், பார்த்தபிறகு போனை எடுப்பார்கள். ஆர்ட் செக்‌ஷனில் ஏழு பேரில் ஐந்து பேர் வீட்டில் யாராவது ஆலைக்குப் போகிறவர்கள். மாரிக்கனி மட்டும் எழ மாட்டாள். முதலில் திமிர் என்று பேசினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவளுக்கு அது திமிராக இல்லை. அவன் கையை அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். மகளைப் பிரசவித்த பன்னிரண்டாம் நாள் குழந்தையின் நகத்தை அவன்தான் வெட்டினான், அவளுடைய அம்மாவே பயந்து பிளேடைக் கீழே வைத்துவிட்டாள். அப்படிப்பட்ட கை. போன செவ்வாய்க்கிழமை ஒரு சத்தம் கேட்டது. கல்குவாரி வெடிதான், அது பிறகு தெரிந்தது. ஆனால் மற்றவர்கள் நாற்காலியைத் தள்ளுவதற்குள் மாரிக்கனி மாடிப்படியில் பாதி ஏறியிருந்தாள். கீழே இருந்து எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவன் ஆலை இருக்கும் தென்கிழக்கில் வானம் சுத்தமாக இருந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து பையை மாட்டிவிட்டு முகம் கழுவினபோது, அடுப்படியில் நின்றுகொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் எடுக்கணும் என்றாள்.

தெருவில் ஒரு பைக் ஹாரனை அழுத்திக்கொண்டு போனது. மாரிக்கனியின் தோள் வெட்டியது, கை வெட்டியது, போச்சு என்று நினைத்தாள். கோடு அப்போது அவள் மோதிரத்தில் இருந்தது. பரவாயில்லை, ஒரு வெட்டு விழுந்தால் விழட்டும், அதை எடுத்துவிடலாம். எடுத்துவிடலாம் என்று எவ்வளவு சுலபமாக வருகிறது. கல்யாணப் பெண்களின் பருவை எடுத்திருக்கிறாள், வேட்பாளர்களின் கழுத்துச் சுருக்கத்தை எடுத்திருக்கிறாள், செத்தவர்களின் மூக்கிலிருந்து பஞ்சை எடுத்து உயிரோடு இருந்த மூக்கை வரைந்து வைத்திருக்கிறாள். கோடு உள்ளங்கைக்குள் வந்தது. இப்போது வெள்ளி ரேகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தத் தடவை ரெசல்யூஷனைக் கூட்டி வைத்திருப்பதால் ஒவ்வொரு பொடியும் தனித்தனியாக விழும். ஆடாமல் விழுந்தால் சுத்தமாக விழும், அழகாக இருக்கும், காலண்டர் மாதிரி இருக்கும். காலண்டர் மாதிரி இருந்தால் சுபத்ரா என்ன சொல்லும். அலை இல்லையே மேடம் என்று சொல்லும். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்து நின்றது, வந்து நின்றதைப் பார்த்து அவள் வெட்கப்பட்டாள். புருஷன் கை ஆட வேண்டும் என்று ஒரு மூலையில் ஆசைப்படுகிறாளா. இல்லை. ஆனால் அந்த மூலை இருக்கிறது, அதற்கு விளக்கு போட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவனுடைய கை அவள் கைக்கு அரைச் சாண் தள்ளி இருந்தது, அதன் சூடு தெரிகிற மாதிரி இருந்தது, நடுவில் இருக்கும் ஸ்கேல் ஜில்லென்று இருந்தது. கல்யாணமான புதிதில் திருத்தங்கல் கோயிலில் கூட்டத்துக்குள் யாருக்கும் தெரியாமல் அந்தக் கை அவள் கையைப் பிடித்தது. வேர்த்திருந்தது, ஆடவில்லை. இவளுடைய கைதான் ஆடியது.

வெளிச்சம் மணிக்கட்டைக் கடந்து கீழோரத்தில் நின்றது, அணைந்தது, உள்ளே ஏதோ கடகடவென்று திரும்பி ஓடியது. இரண்டு பேரும் உடனே கையை எடுக்கவில்லை. முதலில் சீனிராஜ் எடுத்தான். எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் இடது கையை வைத்துக்கொண்டான். மாரிக்கனி மூக்கைச் சொறிந்தாள். அரிப்பு எப்போதோ போயிருந்தது.

படம் திரையில் முழுதாக வந்தது. அவள் முதலில் ஸ்கேலைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது, ஒவ்வொரு மில்லிமீட்டர் கோடும் அதனதன் இடத்தில் இருந்தது. பிறகு தன் கை. மோதிரத்தருகே ஒரே ஒரு வெட்டு, மற்றபடி சுத்தம். பிறகு அவன் கைக்கு நகர்த்தினாள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு ஓரமும் ரம்பப் பல்லாக இருந்தது. ஒன்றுபோல, விடாமல், நாலு நிமிடமும். ரேகைகளில் இருந்த ஒவ்வொரு வெள்ளிப் பொடியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிந்து சரம் சரமாகக் கோத்துக்கொண்டு உள்ளங்கை முழுவதும் மின்னியது. அவள் இதுவரை எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம். அது அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்தது, தெரிந்ததற்காகத் தன்னை மன்னிக்கவும் முடியவில்லை. டியூப் லைட்டைப் போடலாம் என்று எழுந்தவள் போடாமல் உட்கார்ந்தாள். சீனிராஜ் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து திரையைப் பார்த்தான். அவனுக்கு ஸ்கேனரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் நேர் எது கோணல் எது என்று தெரியாதவன் இல்லை. வெகுநேரம் பார்த்தான்.

"நடுவுல ஸ்கேல வச்சப்பவே நெனச்சேன்" என்றான்.

கண்காட்சிக்காரர்கள் கேட்டார்கள் என்கிற பொய்யை இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாமா என்று வாய் வரை வந்தது, விட்டுவிட்டாள். எப்போதிருந்து என்று மட்டும் கேட்டாள். ஆடி கழிஞ்சதிலிருந்து கூடிருச்சு என்றான். அதற்கு முன்னால் எப்போது ஆரம்பித்தது என்று அவனுக்குத் தெரியவில்லையாம். வேலையில் குந்தினால் கொஞ்சம் அடங்குகிறதாம், சும்மா இருந்தால்தான் ஆடுகிறதாம், அதனால் யாருக்கும் தெரியாதாம். இதையெல்லாம் யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்கிற மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு விரலை நீட்டித் தன் கைப்படத்தின் ஓரத்தைத் தொட்டான்.

"கனி, இத நேராக்கிரலாம்ல?"

நேராக்கிவிடலாம். இரண்டு விரலுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மொத்தக் கைக்கு ஐந்தாறு மணி நேரம். பிறகு யார் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சுத்தமாகச் செய்வாள். அவன் கேட்பது அதைத்தானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். திரை வெளிச்சத்தில் அந்த முகம், காய்ச்சலில் கிடக்கும் மகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாம்ல என்று கேட்பாளே, அப்படி இருந்தது. ஆமா என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது அவளுக்கு.

"படத்த நேராக்கிரலாம்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கீழே வாட்ச்மேன் திரும்பி வந்து கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது. சீனிராஜ் யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி, "ரெண்டு வாட்டி குச்சி வழுக்கிருச்சு. ஜோதிமணி பக்கத்துலதான் இருந்தா. அவ பாக்கல" என்றான். எந்த நாள், எத்தனை மணிக்கு, அப்போது இவள் இங்கே எந்த முகத்தின் எந்தச் சுருக்கத்தை அழித்துக்கொண்டிருந்தாள் என்று மாரிக்கனியின் மனசு எங்கெங்கோ ஓடியது. அவனைத் திட்ட வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலும் இருந்தது, இரண்டையும் செய்யவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினான்.

"அண்ணாச்சிக்குப் போட்டுக் குடு. நான் அமுக்குனா வேற யாருக்காவது போயிருது."

எத்தனை மாதமாக யார் யாருக்கோ போட்டுவிட்டுத் தப்பு நம்பர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறானோ. அவள் செல்லத்துரை என்கிற பெயரைத் தேடி அழுத்தினாள், மணி போகிறது என்றதும் அவனிடம் கொடுத்தாள். அவன் இடது கையால் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், அண்ணாச்சி எடுக்க நேரம் ஆனது. எடுக்க மாட்டார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் மனசு அதற்குள் ஒரு திட்டம் போட்டுவிட்டது. எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, சீனி பேசுறேன். நாளைலருந்து என் எடத்துல வேற ஆளப் போட்டுக்கோங்க" என்றான். அந்தப் பக்கம் பெரிய குரலில் சிரிப்புக் கேட்டது, பிறகு ஏதோ கேள்வி, ஊருக்கு எங்கேயும் போகிறாயா, வேறு ஆலையில் கூப்பிட்டார்களா, என்ன சங்கதி என்று கேட்கிறார் போலிருக்கிறது. இல்லண்ணாச்சி, இல்லண்ணாச்சி என்று இரண்டு தடவை சொன்னான். அண்ணாச்சி விடவில்லை. சீனிராஜ் மாரிக்கனியைப் பார்த்தான். அவள் எதையாவது சொல்லிக் கொடுப்பாள் என்று பார்த்தானோ என்னவோ. அவன் மடியில் இருந்த வலது கையை எடுத்து, யாரும் கேட்காமல், ஸ்கேனர் கண்ணாடி மேல் வைத்தான்.

"கை ஆடுதுண்ணாச்சி" என்றான்.